காகிதத் துண்டு மறைத்த பம்ப்: ஒரு கட்டுப்பாட்டுத் திரைக்காக வரைகலையிடம் வாங்கிய கடன்

நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் நாங்கள் முதல்முறை நுழைந்தபோது, திரையைவிட முதலில் கண்ணில் பட்டது அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம். மூத்த ஆபரேட்டர் அதைப் பசைநாடாவால் ஒட்டிவைத்திருந்தார். எதை மறைக்கிறது என்று கேட்டதற்கு, காகிதத்தின் நுனியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பம்ப்பின் படம். அதன் விசிறி நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

"பம்ப் ஓடுவது எனக்குத் தெரியும் சார். அது நின்றால்தான் எனக்கு வேலை. ஓடுகிற ஒன்றை எட்டு மணி நேரமும் சுற்றிச் சுற்றிக் காட்டினால், நிற்கிற ஒன்று கண்ணில் படுமா?" என்றார்.

அந்தத் திரையைப் பற்றி எங்கள் குழு பின்னர் எழுதிய நீண்ட அறிக்கையில் இந்த மூன்று வாக்கியங்களுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டாமல் விட வேண்டும், எது உரக்கப் பேச வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் வரைகலைஞர்கள் சுவரொட்டிக்கு முன்னால் நின்று நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள். ஊடாடும் அமைப்புகளை, அதாவது மனிதர் தொட்டு இயக்க அதற்குப் பதில் சொல்லும் திரைகளை, வடிவமைக்கும் நாங்கள் அவற்றை வேலையின் கடைசி வாரத்தில், 'அழகுபடுத்தும்' கட்டத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். வரைகலையின் தோற்றத்தை விட்டுவிட்டு, அதன் வேலைப்பழக்கங்களை ஊடாட்ட வடிவமைப்பின் முதல் நாளுக்கே கொண்டுவந்தால் என்ன கிடைக்கிறது, எங்கே அந்தப் பழக்கங்கள் கைவிடுகின்றன என்பதுதான் இந்த ஆய்வு.

பணி இதுதான்: 9 தொட்டிகள், அவற்றுக்கு நீரேற்றும் பம்ப்புகள், இடையிடையே வால்வுகள். மூன்று ஷிஃப்டுகளில் ஆபரேட்டர்கள் இவற்றைத் திரை வழியாகக் கவனித்து இயக்குகிறார்கள். அந்தத் திரையை மாற்றி அமைக்க வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். இரண்டு ஊடாட்ட வடிவமைப்பாளர்கள், ஒரு நிரலாளர், பத்திரிகைப் பக்க அமைப்பிலும் சுவரொட்டியிலும் நீண்ட காலம் உழைத்துவிட்டு வந்த ஒரு வரைகலைஞர். பணியைக் கொடுத்தவர்கள் அவரைக் குழுவில் சேர்த்தது ஐகான்களும் நிறங்களும் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவர் செய்தது வேறு.

எதைவிட நன்றாக இருக்கிறது?

முதல் மூன்று மாதங்கள் வழக்கமான பாதையில்தான் போனோம். ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து வேலையைக் கவனித்தோம். பணிகளை வரிசைப்படுத்தினோம். ஒரு முன்மாதிரி செய்து கொண்டுபோய்க் காட்டினோம். "நன்றாக இருக்கிறது" என்றார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், இந்தப் பொத்தானை அந்தப் பக்கம் வைக்கலாம் என்று சிறு திருத்தங்கள் சொன்னார்கள். திருத்திக்கொண்டு மறுபடி போனோம். மறுபடியும் அதே "நன்றாக இருக்கிறது". மூன்றாவது முறை திரும்பி வந்தபோது வரைகலைஞர் கேட்டார்: "எதைவிட நன்றாக இருக்கிறது?" பதில் சொல்ல எங்களிடம் இரண்டாவது படமே இல்லை.

இந்த இடத்தில் எங்கள் துறையிலேயே கிடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 2006-இல் டொஹிடி, பக்ஸ்டன், பேக்கர், செல்லன் ஆகிய நால்வர் ஒரே கருவிக்கு மூன்று வெவ்வேறு காகித முன்மாதிரிகளைச் செய்து பயனர்களிடம் சோதித்தார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் அதற்குத் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார்கள், குறை சொல்லத் தயங்கினார்கள். மூன்றையும் பார்த்தவர்கள் அதே வடிவத்துக்குக் குறைவாக மதிப்பெண் கொடுத்தார்கள், குறையையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் நீட்டுகிறவரிடம் மனிதர்கள் மரியாதை காட்டுகிறார்கள். மூன்றை நீட்டினால்தான் உண்மை வெளியே வருகிறது. நாங்கள் மூன்று மாதமாக மரியாதையைச் சேகரித்துக்கொண்டிருந்தோம்.

மரியாதையால் ஓடும் துறை இது இல்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று வெடித்தது. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் கவனித்து, ஏற்று, செயல்பட வேண்டியிருந்த அலாரங்கள் 275. ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒன்று. அந்தத் திரைகளில் முக்கியமானதும் அற்பமானதும் ஒரே குரலில் கத்தின. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. மூடியிருந்த ஒரு கட்டுப்பாட்டு வால்வைத் திறந்திருப்பதாகக் கட்டுப்பாட்டு அமைப்பு காட்டிக்கொண்டிருந்தது. அந்த வால்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளங்கை அளவு ஓவியங்கள்

வரைகலைஞர் முதலில் எங்கள் கணினிகளை மூடச் சொன்னார். ஆளுக்கொரு தடித்த கறுப்பு மார்க்கர், உள்ளங்கை அளவில் வெட்டிய காகிதங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் 20 திரைகள் வரைய வேண்டும். எழுத்து கூடாது, நிறம் கூடாது. சுவரொட்டி வரைபவர்களுக்கு இது காலைக் காப்பி போலப் பழகிய வேலை. எங்களுக்கோ முதல் பத்து நிமிடங்களிலேயே கை ஓய்ந்துவிட்டது.

எண்பது காகிதங்களையும் சுவரில் ஒட்டி, நான்கு அடி தள்ளி நின்று பார்த்தோம். ஒவ்வொருவரும் முதலில் வரைந்த ஏழெட்டுப் படங்கள் அப்படியே ஒன்றுபோல் இருந்தன. இடமிருந்து வலமாகக் குழாய்கள், நடுவில் பம்ப்புகள், வலப்பக்கம் தொட்டிகள். பழைய திரையை நான்கு பேரும் மனப்பாடமாக ஒப்பித்திருந்தோம். பத்தாவது படத்துக்குப் பிறகுதான் படங்கள் ஒன்றையொன்று விட்டு விலகின. தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோன கை வேறு வழியில்லாமல் யோசிக்கத் தொடங்குகிறது. நிரலாளரின் பதினேழாவது படத்தில் குழாயே இல்லை. ஒன்பது கோடுகள் மட்டும், ஒவ்வொன்றும் வேறு நீளத்தில். "ஒவ்வொரு தொட்டியும் காலியாக இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வரைந்தேன். அளவு எனக்குத் தேவைப்படவில்லை" என்றார். இறுதித் திரையின் முதுகெலும்பு அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அன்று அதை யாரும் உணரவில்லை, நானும்தான்.

சுவரின் முன் பேசுவதற்கும் ஒரு முறை இருந்தது. வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லும் முன் கண் எங்கே முதலில் போகிறது, அடுத்து எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு அங்கே இடமில்லை. "என் கண் முதலில் இந்த மூலைக்குப் போகிறது, அங்கே ஒன்றுமில்லை" என்பதற்கு இடமுண்டு. மென்பொருள் கூட்டங்களில் பல ஆண்டுகளாக விளக்கங்களைக் கேட்டுக் கேட்டு, படத்தைப் பார்ப்பதையே மறந்திருக்கிறோம் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. இரவு மூன்று மணிக்கு அந்தத் திரைக்கு முன்னால் அமரும் ஆபரேட்டருக்கு, வரைந்தவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லப் போவதில்லை.

இப்படிப் பலவற்றை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதன் பயனுக்குச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையில் 33 பேர் இணைய விளம்பரப் படங்களை வடிவமைத்தார்கள். ஒரு பகுதியினர் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் கருத்துப் பெற்றுத் திருத்தினார்கள். மறு பகுதியினர் ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்து சேர்த்துக் கருத்துப் பெற்றார்கள். ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்தவர்களின் விளம்பரங்களையே மக்கள் அதிகம் சொடுக்கினார்கள். அவர்களின் படங்கள் தங்களுக்குள் அதிகம் வேறுபட்டும் இருந்தன. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு குறையும் தன்மேல் விழும் அடியாகத் தோன்றுகிறது. ஐந்து படங்களோடு நிற்கிறவருக்கு அது வெறும் தகவல்.

கெர்ஸ்ட்னரின் பெட்டி

சுவரில் படங்கள் குவிந்தன. அவற்றை வைத்து என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். அப்போது வரைகலைஞர் எடுத்து வைத்தது பாசல் நகரத்து வடிவமைப்பாளர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1960-களில் எழுத்துகளால் ஆன சின்னங்களை உருவாக்கப் பயன்படுத்திய ஒரு முறை. அதுவும் அவருக்குச் சொந்தமானது இல்லை. ஸ்விட்சர்லாந்துக்காரரான வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியின் 'உருவியல் பெட்டி'யை அவர் எடுத்தாண்டார். அண்டத்தின் கரும்பொருளைப் பற்றி 1933-இலேயே பேசிய அதே ஸ்விக்கி. வானியலில் பிறந்து வரைகலைக்குப் போன கருவி எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெட்டி எளியது. பிரச்சினையின் கூறுகளை வரிசைகளாக எழுத வேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் அந்த வரிசையில் நிரப்ப வேண்டும். பிறகு வரிசைக்கு ஒன்றாக எடுத்து இணைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் ஐந்து வரிசைகள் இருந்தன. எதை வரைகிறோம்: கருவியையா, அளவையா, இயல்பிலிருந்து விலகலையா, மீதி நேரத்தையா. எந்த ஒழுங்கில் வைக்கிறோம்: நிலப்படத்தின்படியா, நீர் ஓடும் திசைப்படியா, அவசரத்தின்படியா, எப்போதும் மாறாத இடத்திலா. மிகுதியை எதனால் சொல்கிறோம்: நீளம், தடிமன், இடம், எண். மாற்றத்தை எதனால் சொல்கிறோம்: நிறம், அசைவு, வடிவம், ஒலி. கை என்ன செய்கிறது: தொடுகிறதா, இழுக்கிறதா, திருகுகிறதா, தட்டச்சுகிறதா. ஐந்து வரிசை, வரிசைக்கு நான்கு வழி. மொத்தம் 1,024 திரைகள். பழைய திரை அவற்றுள் ஒன்று. நாங்கள் மூன்று மாதமாகத் திருத்திய முன்மாதிரியும் ஒன்று, அதுவும் பழைய திரைக்குப் பக்கத்து வீடு.

சீட்டுக் குலுக்கிச் சில இணைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி உள்ளங்கை அளவில் வரைந்தோம். பெரும்பாலானவை உதவாதவை. ஆனால் 'மீதி நேரம், மாறாத இடம், நீளம், வடிவம், இழுத்தல்' என்ற இணைப்பு வந்தபோது அறை அமைதியானது. நிரலாளரின் பதினேழாவது படம் அதில் வந்து பொருந்தியது. முன்பு அது ஒரு விசித்திரமான யோசனை. இப்போது அதன் ஒவ்வொரு முடிவுக்கும் மாற்று என்ன என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. மாற்றுத் தெரியாமல் எடுத்த முடிவை முடிவு என்று சொல்வதற்கே எனக்கு இப்போது தயக்கமாக இருக்கிறது.

பெட்டியில் ஒரு வரிசையை நாங்கள் எழுதவே இல்லை என்பதை ஆபரேட்டர்தான் கண்டுபிடித்தார். பெட்டியைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் நடக்காதபோது என்ன தெரியும்?" என்று கேட்டார். அவருடைய ஷிஃப்டில் பெரும்பகுதி ஒன்றும் நடக்காத நேரம். வரைகலைஞருக்கு வெற்றிடம் என்பது காகிதத்தில் மீந்துபோன இடம் இல்லை, அவர் வேண்டுமென்றே வைப்பது. எங்களுக்குத்தான் வெற்றிடத்தைக் கண்டால் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் வைக்கத் தோன்றும். ஆறாவது வரிசை சேர்ந்தது. அதில் வென்ற விடை: எல்லாம் இயல்பாக இருக்கும்போது திரையில் ஒன்பது மெல்லிய கோடுகள், வேறெதுவும் இல்லை.

நிலப்படத்தை விட்டதும், திரும்ப எடுத்ததும்

பழைய திரை நிலத்துக்கு விசுவாசமாக இருந்தது. தொட்டிகள் உண்மையில் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே திரையிலும் இருந்தன. ஒரு மூலையில் நான்கு தொட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, பாதித் திரை வெறுமையாகக் கிடந்தது. லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் இதே சிக்கல் இருந்தது. ஹாரி பெக் 1931-இல் அதற்கு ஒரு தீர்வு வரைந்தார். தூரங்களை விட்டுவிட்டார். நேர்க்கோடுகளும் 45 பாகை சாய்வுகளும் மட்டும், நிலையங்களுக்கிடையே ஏறக்குறைய சம இடைவெளி. முதலில் மறுக்கப்பட்ட அந்த வரைபடம் 1933-இல் பயணிகளின் சட்டைப்பைக்கு வந்தது. வரைகலையின் பெருமையாகக் கொண்டாடப்படும் இந்தப் படைப்பைச் செய்தவர் ரயில் சிக்னல் பொறியியல் அலுவலகத்தில் பொறியியல் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். துறைகளுக்கிடையே கடன் எந்தத் திசையிலும் ஓடும்.

பெக்கின் கேள்வி, பயணிக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. எங்கே மாறுவது, எத்தனை நிலையம் என்பது போதும், தரைக்கு மேலே எந்தத் தெரு என்பது வேண்டாம். அதே கேள்வியை ஆபரேட்டருக்குக் கேட்டுவிட்டு நிலப்படத்தைத் தூக்கி எறிந்தோம். அதில் அவசரப்பட்டுவிட்டோம். அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலப்படம் வேண்டாம் என்பது சரி. ஆனால் வால்வு சிக்கிக்கொண்டால் அவர் களப்பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து, "வடக்கு வாயில் பக்கம் இரண்டாவது கிணறு" என்று வழி சொல்ல வேண்டும். பழைய திரையைப் பார்த்துத்தான் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய திரையில் அவருக்குச் சொல்ல வழியில்லை. சோதனையின் முதல் நாளே இது தெரிந்தது. ஒரு கோட்டை அழுத்திப் பிடித்தால் அந்தக் கருவியின் நிலப்படம் மேலெழும்படி மாற்றினோம். பெக்கின் பயணிக்கு ஒரே ஒரு வேலை. எங்கள் ஆபரேட்டருக்கு இரண்டு.

கறுப்பு மட்டும்

நிறத்தைக் கடைசி வரை தொடக் கூடாது என்பது வரைகலைஞரின் மிகக் கடுமையான விதி. சின்னம் வரைபவர்கள் கறுப்பில் நிற்காத சின்னத்தை நிறத்தில் காப்பாற்ற முடியாது என்பார்கள். அந்த அறையில் இதன் நியாயம் உடனே விளங்கியது. தொழிற்சாலைகளில் சிவப்புக்கு ஒரே பொருள் இல்லை. சில இடங்களில் சிவப்பு என்றால் மின்சாரம் பாய்கிறது, கருவி ஓடுகிறது. சில இடங்களில் சிவப்பு என்றால் நின்றுவிட்டது. இந்த நிலையத்தில் இரண்டு காலகட்டங்களில் வாங்கிய கருவிகள் இருந்ததால், இரண்டு வழக்கங்களும் ஒரே திரையில் குடியிருந்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை ஆண்களிடையே அரிதானதும் இல்லை.

நிறத்தைப் பறித்துவிட்டால் கையில் இருப்பது தடிமன், அளவு, நிரப்பியது, நிரப்பாதது, இடைவெளி. இவ்வளவுதான். வரைந்ததைச் சுவரில் மாட்டி, கண்ணைச் சுருக்கி, விவரங்கள் எல்லாம் கரைந்த பிறகு எது மிஞ்சுகிறது என்று பார்ப்பார் அவர். மிஞ்சுவது அந்த நேரத்தில் ஆபரேட்டர் கவனிக்க வேண்டியதாக இல்லையென்றால் படம் கீழே இறங்கும். அறையின் மறுகோடியில் தொலைபேசி மேசை இருந்ததால், அந்தத் தூரத்திலிருந்தும் பார்த்தோம். பிரிட்டனின் சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் பலகையின் அளவை முன்கூட்டி வைத்துக்கொண்டு எழுத்தை அதற்குள் அடைக்கவில்லை. எவ்வளவு தூரத்தில் படிக்க வேண்டும் என்பது எழுத்தின் அளவைத் தீர்மானித்தது, எழுத்து பலகையைத் தீர்மானித்தது. எங்கள் எண்களின் அளவையும் அந்தத் தொலைபேசி மேசைதான் தீர்மானித்தது.

இப்போது வால்வுக்கு வருகிறேன். இந்தப் பணி முழுவதிலும் வரைகலை எங்களுக்குக் கொடுத்த மிகப் பெரிய பொருள் இதுதான்.

நிரப்பிய வட்டம் என்றால் திறந்த வால்வு, நிரப்பாத வட்டம் என்றால் மூடிய வால்வு என்று வரைந்திருந்தோம். சுவரின் முன் வரைகலைஞர் கேட்டார்: "இந்தக் குறி எதைக் குறிக்கிறது?" வால்வை, என்றோம். "வால்வையா, வால்வுக்கு நீங்கள் சொன்னதையா?" நிரலாளர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: பாதி வால்வுகளில் நிலையைத் திருப்பிச் சொல்லும் உணரி இருக்கிறது, மீதிப் பாதியில் இல்லை. அவற்றில் திரை காட்டுவது நாம் அனுப்பிய கட்டளையைத்தான்.

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதுதான். அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கு, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. ஆபரேட்டர்கள் அதை வால்வு மூடியதாகப் படித்தார்கள். உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஒரு விளக்கு, இரண்டு பொருள். இதைப் பொறியியல் பிழை என்றே எல்லோரும் படித்திருக்கிறோம். எனக்கு அது ஒரு குறியீட்டுப் பிழையாகவும் தெரிகிறது. குறி ஒன்று, அது குறிக்கும் பொருள் எது என்று யாரும் கேட்கவில்லை. வரைகலைஞருக்கு அந்தக் கேள்வி மூச்சு விடுவதுபோல. எங்கள் நால்வரில் அதைக் கேட்டவர் பம்ப்பைப் பற்றி மிகக் குறைவாக அறிந்தவர்.

அன்று வரைந்தது இறுதிவரை மாறவில்லை. கட்டளை என்பது வட்டத்தின் கோடு. உறுதிசெய்யப்பட்ட நிலை என்பது உள்ளே நிரம்பும் கறுப்பு. ஆபரேட்டர் 'திற' என்றதும் கோடு தடிக்கிறது. வால்வு உண்மையில் திறந்து உணரி சொன்ன பிறகே உள்ளே கறுப்பு வருகிறது. உணரி இல்லாத வால்வுகளில் உள்ளே எப்போதும் சாய்கோடுகள்: இங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்பதைத் திரை ஒப்புக்கொள்கிறது. பணியைக் கொடுத்தவர்களில் ஒருவருக்கு இந்தச் சாய்கோடுகள் பிடிக்கவில்லை. நிலையத்தின் குறையைச் சுவரில் எழுதி மாட்டியதுபோல இருக்கிறது என்றார். ஆம், அதற்காகத்தான் வரைந்தோம். அவை அப்படியே நின்றன.

காகிதம் கைவிட்ட இடம்

இவ்வளவு தூரம் வந்த கடன் ஒரே நாளில் திணறியது. சுவரில் அத்தனை அமைதியாக இருந்த வடிவத்தை நிரலாளர் திரைக்குக் கொண்டுவந்து, நிலையத்தின் பழைய பதிவுகளில் ஓர் இரவை எடுத்து அதில் ஓட்டினார். கோடுகள் துடித்தன. ஒரு தொட்டியின் மட்டம் எல்லையைத் தொட்டுத் தொட்டு விலகும்போதெல்லாம் அதன் கோடு தடிப்பதும் மெலிவதுமாக இருந்தது. மூடிவைத்த விசிறியை ஒன்பதாகப் பெருக்கித் திறந்துவிட்டதுபோல இருந்தது. சுவரொட்டிக்கு ஒரே ஒரு கணம்தான் உண்டு. நாங்கள் ஒரு கணத்தை மிகக் கவனமாக வடிவமைத்துவிட்டு, அந்தக் கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதைக் கேட்கவே இல்லை.

வரைகலை இங்கே முடிந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் வரைகலைஞரின் பத்திரிகை அனுபவம் கைகொடுத்தது. இதழ் தயாரிப்பவர்கள் தனிப் பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. அச்சுக்குப் போகும் முன் இதழ் முழுவதற்கும் டம்மி என்ற மாதிரிப் பக்கங்களைப் போட்டு, எல்லாப் பக்கங்களையும் வரிசையாகச் சுவரில் மாட்டி, எந்தப் பக்கத்தில் வாசகர் வேகமாகப் புரட்டுவார், எங்கே நிற்பார், நெருக்கமான பக்கத்துக்குப் பின் எங்கே காற்று வேண்டும் என்று பார்க்கிறார்கள். பக்கம் புரள்வதும் காலம்தான். அந்த ஓர் இரவைப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கமாக வரைந்து நீளமாக மாட்டினோம். ஆபரேட்டர் அதன் ஓரமாக நடந்துகொண்டே சொன்னார்: "இங்கே வரை எனக்குக் கவலை இல்லை. இந்தப் பக்கத்தில் கவலை. இங்கே தொலைபேசியை எடுப்பேன். இங்கே இந்த எட்டுப் பக்கமும் ஒரே பக்கம்தான், ஏன் எட்டு முறை மாறுகிறது?"

அந்த எட்டுப் பக்கங்களிலிருந்து காலத்துக்கான விதிகள் வந்தன. ஒரு கோடு தடிப்பதற்கு ஓர் எல்லை, மெலிவதற்கு அதிலிருந்து தள்ளி வேறொரு எல்லை. பொறியாளர்கள் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் நெடுங்காலமாகச் செய்வதுதான், நிரலாளருக்கு அது சட்டென்று தோன்றியது. தடித்த கோடு ஆபரேட்டர் தொடும் வரை தானாக மெலியாது. மெலிவது எப்போதும் மெதுவாக. ஒரே காரணத்தால் மூன்று தொட்டிகள் பாதிக்கப்பட்டால் மூன்றும் சேர்ந்தே மாறும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மியூரியல் கூப்பர் காகிதத்தின் இந்த எல்லையைத் தாண்டியவர். புத்தக வடிவமைப்பில் பேர்பெற்ற அவர், கணினித் திரையில் எழுத்துகளுக்கு ஆழத்தையும் மங்கலையும் கொடுத்து, அவற்றின் ஊடே வாசகர் நகர்ந்து செல்லும் தகவல் நிலப்பரப்புகளைத் தம் குழுவோடு 1994-இல் காட்டினார். எது இப்போது வேண்டுமோ அது கூர்மையாகும், மற்றவை மறையாமல் பின்னால் மங்கி நிற்கும். எங்கள் திரையில் அவரிடமிருந்து வந்தது இந்த மங்கல். தொட்ட கோடு முன்னே வரும்போது மற்ற எட்டும் மங்குகின்றன, எதுவும் மறைவதில்லை.

வேலையின் இந்தக் கட்டத்தில் குழுவுக்குள் ஓர் இடமாற்றம் நடந்தது. அதுவரை வரைகலைஞர் வரைவார், நிரலாளர் கட்டுவார். காலம் உள்ளே வந்த பிறகு படம் என்று தனியாக ஒன்று இல்லாமல் போயிற்று. விதிகள்தான் இருந்தன. எந்த நிலையில் எந்தத் தடிமன், எவ்வளவு நேரம், எதற்கு முன். கெர்ஸ்ட்னர் ஒற்றைத் தீர்வுகளுக்குப் பதிலாகத் தீர்வுகளைப் பிறப்பிக்கும் நிரல்களை வடிவமைக்க வேண்டும் என்றார். வடிவமைப்பாளரின் மேசைக்குக் கணினி வருவதற்கு முன்பே அப்படிச் சொன்னவர். எங்கள் நிரலாளர் அதைக் கேட்டுவிட்டு, "இதை நான் தினமும் செய்கிறேன்" என்றார். அவர் எழுதிய விதிகளை வரைகலைஞர் படித்தார், வரைகலைஞரின் கறுப்பு வட்டங்களை அவர் திருத்தினார்.

ஒட்டுமொத்த விளைவை எண்ணாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரே நிலையம், சில ஆபரேட்டர்கள், சில மாதங்கள். அதிலிருந்து சதவீதம் எடுப்பது நேர்மையாகாது. பார்த்ததைச் சொல்கிறேன். முன்பு ஷிஃப்டு மாறும்போது விடைபெறுபவர் ஒவ்வொரு தொட்டியாகச் சொல்லிக்கொண்டு வருவார். இப்போது இருவரும் திரையின் முன் நின்று, தடித்த கோடு ஏதாவது இருந்தால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். உணரி இல்லாத வால்வுகளின் சாய்கோடுகளை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, நிர்வாகம் அவற்றில் சிலவற்றுக்கு உணரி வாங்கியது. எந்த அறிக்கையும் அதைச் செய்திருக்காது என்று மூத்த ஆபரேட்டர் சொன்னார்.

திரை பொருத்திய மூன்றாவது மாதம் மறுபடி போனோம். வாசலிலிருந்தே தெரிந்தது: புதிய திரையிலும் ஒரு காகிதத் துண்டு. இம்முறை வலது ஓரத்தில். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் தொட்டி எப்போது காலியாகும் என்ற கணிப்பைக் காட்டும் பகுதியின் மேல். அளந்த பகுதியையும் கணித்த பகுதியையும் ஒரே தடிமனில், ஒரே கறுப்பில் வரைந்திருந்தோம். காகிதத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: 'இது நடந்ததா, நடக்கப் போவதா?'

கட்டளையையும் நிலையையும் பிரித்த நாங்கள் இதைப் பிரிக்காமல் விட்டிருந்தோம். அவரிடம் அனுமதி கேட்டு அந்தக் காகிதத்தை எடுத்து வந்து எங்கள் சுவரின் நடுவில் ஒட்டினோம். வரைகலைஞர் மார்க்கர்களை மேசையில் வைத்தார். ஆளுக்கு இருபது, எழுத்து கூடாது, நிறம் கூடாது.